கத்தி முதுகு எத்தனை எம்.எம்.?

பிப்ரவரி 6

நாத்தனாருக்கு,

இனி உன்னோடு பேச மாட்டேன் என்று போன மாதம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. இது பேச்சு இல்லை, எழுத்து. அதுவும் தொழில் சம்பந்தப்பட்ட எழுத்து. உன் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "போனைப் போட்டு ரெண்டு நிமிஷத்துல கேட்க வேண்டியதுக்கு எதுக்கு இவ்வளவு தாள்?" என்கிறார். பிடி செதுக்குகிறவர் பிடியைச் செதுக்கட்டும். கத்தி அடிக்கிறவள் நான்.

உங்கள் சாலைத் துறை ஸ்டோரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. மலைச்சாலையில் விழுந்த மரங்களை அகற்றி, கவிழ்ந்த வண்டிகளில் சிக்கியவர்களை மீட்கிற உங்களைப் போன்ற கேங்குகளுக்கு நாற்பது கத்தி வேண்டுமாம். மடக்குக் கத்தி இல்லை. நுனியிலிருந்து பிடியின் கடைசி வரை ஒரே எஃகாக ஓடுகிற முரட்டுக் கத்தி. என் பட்டறைக்கு இவ்வளவு பெரிய ஆர்டர் இதுவரை வந்ததில்லை. படித்ததும் வாசல் வரை ஓடிப்போய் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் அடுத்த பக்கத்தைப் படித்தேன்.

கத்தியின் முதுகு எட்டு எம்.எம். கனம் இருக்க வேண்டுமாம். காரணமும் போட்டிருக்கிறார்கள்: "முன்னர் உபயோகித்த நாலு எம்.எம். கத்தி, லாரியின் தார்ப்பாய்க் கயிற்றை அறுக்கும்போதே முறிந்துவிட்டபடியால்." அந்த நாலு எம்.எம். கத்தி நான் உனக்குச் செய்து கொடுத்தது. அந்த அறிக்கையை எழுதியது கேங் மேஸ்திரியான நீ. என் மேஜையில் உட்கார்ந்து, என் மூன்று வாடிக்கைக்காரர்கள் முன்னால் வாய் நிறைய உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு நீ சொன்னதும் இதே கதைதான்.

பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கயிறு அறுத்து எஃகு முறிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எட்டு எம்.எம். என்பது கத்தியே இல்லை, கதவு சாத்தாமல் இருக்க முட்டுக்கொடுக்கிற சாமான். முறிந்த துண்டுகள் இரண்டையும் அனுப்பு. முறிந்த இடத்தைப் பார்த்தால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கேங் தங்கியிருக்கும் ஸ்டேஷனுக்கு வந்தபோது எல்லோரும் இருந்தார்கள். உறையின் மேல் 'மேஸ்திரியம்மா, நேரில் மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததால் ஏதோ சஸ்பெண்ட் உத்தரவு என்று நினைத்து டிரைவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கயிறு என்றால் நீங்கள் துணி காயப்போடுகிற கயிற்றை நினைத்துக்கொள்கிறீர்கள். லாரித் தார்ப்பாய்க் கயிறு மணிக்கட்டுத் தடிமன் இருக்கும். நனைந்து, மண் ஏறி, மரக்கட்டை மாதிரி ஆகியிருக்கும். அறுத்தேன், முறிந்தது. அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன. உங்களுக்கு எதற்கு அது? நீங்கள் போலீஸா?

சின்ன வயதில் உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு தட்டை உடைத்தால்கூட, "எந்தக் கையால பிடிச்சே, எந்தப் பக்கம் சாஞ்சே" என்று கேட்டு வெறுப்பேற்றுவீர்கள். உடைந்தது உடைந்ததுதான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். முரட்டு வேலைக் கத்தி என்றால் முரட்டு வேலை செய்யவேண்டும். அதற்குக் கனம் வேண்டும். நாலு முறிந்தது, எட்டு முறியாது. கணக்குக்கு இவ்வளவு போதும். ஸ்டோர் அதிகாரிக்கே புரிந்துவிட்டது, உங்களுக்குப் புரியவில்லை.

அண்ணனை அதிகம் திட்டாதீர்கள்.

நாத்தனார்


பிப்ரவரி 23

நாத்தனாருக்கு,

உன் கணக்கை நானே போட்டுத் தருகிறேன். முதுகின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் எடை இரண்டு மடங்குதான் கூடும். ஆனால் வளைய மறுப்பது எட்டு மடங்கு கூடும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா. இதைக் கேட்டுத்தான் எல்லோரும் கனம் கனம் என்று பறக்கிறார்கள். ஆனால் வெட்டும்போது அந்தக் கனம் முழுவதும் வெட்டுப்பட்ட இடத்துக்குள் நுழைந்தாக வேண்டும். எட்டு எம்.எம். கத்தியால் ஆப்பிளை நறுக்கிப் பார். நறுக்காது, பிளக்கும். பாதி தட்டில் இருக்கும், பாதி எதிரே இருப்பவர் மடியில் இருக்கும்.

ஒரு கத்திக்கு எத்தனை எம்.எம். என்று முடிவு செய்ய எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்: அதை வைத்து நீ என்ன செய்யப்போகிறாய். அதைத்தான் யாரும் சொல்வதில்லை. பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரும், "சும்மா கயிறு கியிறு அறுக்கத்தான்" என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து நுனி வளைந்து, பிடியில் பெயிண்ட் ஒட்டி, முதுகில் சுத்தியல் அடிபட்ட தழும்போடு கத்தி திரும்பி வரும். "என்ன ஆச்சு?" என்றால், "கயிறு அறுத்தேங்க." டாக்டரிடம் பொய் சொல்கிறவர்களைவிட என்னிடம் பொய் சொல்கிறவர்கள் அதிகம்.

எஃகு அறுக்கும்போது முறியாது, நெம்பும்போதுதான் முறியும். அதனால் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் சொல். எதை நெம்பினாய்?

நீ எழுதிய ஒரு வரியால் நாற்பது பேர் இடுப்பில் ஆளுக்கு ஒரு கடப்பாரையைத் தொங்கவிட்டுக்கொண்டு அலையப்போகிறார்கள். என் பெயர் கெடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்களை நினைத்துப் பார். துண்டுகள் இரண்டையும் அனுப்பு.

அண்ணி

பின்குறிப்பு: உன் அண்ணனை நான் திட்டுவதில்லை. அவர் காதில் விழுகிற மாதிரி சில உண்மைகளைச் சொல்கிறேன்.


மார்ச் 3

அண்ணிக்கு,

நான் எதையும் நெம்பவில்லை.

இந்தப் பார்சலில் பிடியோடு சேர்ந்த பாதி இருக்கிறது. ஆறு மாதமாக எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, என் அலமாரியில் வைத்திருந்தேன். முறிந்த கத்தியை யாராவது அப்படி வைத்திருப்பார்களா? நான் வைத்திருந்தேன். நீங்கள் கொடுத்தது என்பதால் வைத்திருந்தேன். அதை நீங்கள் நினைத்துப் பார்க்க மாட்டீர்கள்.

நுனிப் பாதியை இப்போது அனுப்ப முடியாது. அது வேறு ஒரு வேலையில் இருக்கிறது. அதற்கு மேல் கேட்காதீர்கள்.

உங்கள் பூதக்கண்ணாடியை வைத்து நன்றாகப் பாருங்கள். பார்த்துவிட்டு, கயிறுதான் என்று எழுதி அனுப்புங்கள். மன்னிப்பும் கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

நாத்தனார்


மார்ச் 12

அன்புள்ள நாத்தனாருக்கு,

பார்சல் கிடைத்தது. நீ சொன்னது சரியாக இருக்கலாம். மலைச்சாலை வேலை என்னவென்று பட்டறையில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும். எட்டு எம்.எம்.மே இருக்கட்டும். மாதிரிக்கு ஒரு கத்தி செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கேங்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஸ்டோருக்கு எழுதிவிடு.

நுனிப் பாதியைத் தேட வேண்டாம். தேவைப்படாது.

உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் அதிகம் நனையாதே.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

அண்ணனுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? என்னிடம் மறைக்காதீர்கள். 'அன்புள்ள' என்று ஆரம்பித்து, நடுவில் எங்கேயும் திட்டாமல், 'அன்புடன்' என்று முடித்திருக்கிறீர்கள். அண்ணன் கல்யாணத்திலிருந்து உங்களைத் தெரியும், இப்படி ஒரு கடிதம் உங்கள் கையிலிருந்து வந்ததே இல்லை. இரண்டு தரம் படித்துவிட்டு, உறையின் மேல் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று பார்த்தேன்.

எட்டு எம்.எம். மாதிரி வந்தது. பார்சலைத் தூக்கிய டிரைவர், "அண்ணி உங்களுக்கு அம்மிக்கல்லு அனுப்பியிருக்காங்களா?" என்றார். பெல்ட்டில் மாட்டினேன். பேண்ட் ஒரு பக்கம் இறங்கியது. மரம் அறுக்கிற ரம்பக்காரர் ஒரு குச்சியைச் சீவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சமையல்காரர் வெங்காயம் நறுக்கினார். வெங்காயம் நசுங்கியது, நறுக்காமலே அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "மேஸ்திரியம்மா, இதைக் கத்தின்னு சொல்லாதீங்க. இரும்புன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன்" என்றார்.

ஆனாலும் முறியாது. அது ஒன்று நிச்சயம். ரம்பக்காரர் கல்லால் அடித்துப் பார்த்தார், கல்தான் உடைந்தது. நான் கேட்டது இதுதான், நீங்கள் கொடுத்தும் விட்டீர்கள். பிறகு ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை என்று தெரியவில்லை. உங்களோடு சண்டை போட்டு ஜெயித்த மாதிரி இல்லை, நீங்கள் பாதியில் எழுந்து போன மாதிரி இருக்கிறது.

தயவுசெய்து திட்டி ஒரு கடிதம் போடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

எல்லோரும் நலம். உன் அண்ணனும் நலம். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன் என்று அவர் பக்கத்து வீட்டில் போய், "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

எட்டு எம்.எம்.மே நல்லது. ஸ்டோருக்கு எழுதிவிட்டாயா?

அன்புடன்,
அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

ஸ்டோருக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்த அன்று காலையில் மூன்றாவது வளைவில் ஒரு வேன் கவிழ்ந்தது என்று தகவல் வந்தது. போனோம். வேன் கூரையில் நின்றது, சக்கரங்கள் வானத்தைப் பார்த்தன. உள்ளே ஒருவர்தான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார். சீட் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தார். பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனால் பெல்ட் கழுத்துப் பக்கம் ஏறி இறுகியிருந்தது.

நான் உங்கள் எட்டு எம்.எம். கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே ஊர்ந்தேன். அண்ணி, அது பெல்ட்டுக்கும் அவருக்கும் நடுவில் நுழையவே இல்லை. நுனி முதல் கனம் அப்படியே இருக்கிறது. அழுத்தினால் அவர் கழுத்தில் இறங்கும். வெளிப்பக்கமாக வைத்து அறுத்தேன், பெல்ட்டின் மேல் நூல் பிரிந்ததே தவிர அறுபடவில்லை. அவர் மரியாதையான மனிதர். "அவசரமில்லைங்க. ஆனா மூச்சு கொஞ்சம் கம்மியாகுது" என்றார். பிறகு அதையும் சொல்லவில்லை. முகம் நிறம் மாறியது.

சமையல்காரர் வெங்காயக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். காகிதம் மாதிரி மெல்லிசு. ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளே விட்டு ஒரே இழுப்பு. வாத்தியார் என் மேலேயே விழுந்தார். மூச்சு வந்ததும் முதல் வேலையாக என் பெல்ட்டில் தொங்கியதைப் பார்த்து, "அது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

இனி உண்மையைச் சொல்கிறேன். கயிறு இல்லை. கதவு. எங்கள் ஸ்டேஷன் பாத்ரூம் கதவு.

போன செப்டம்பரில் மழைக்கு அந்தக் கதவு ஊதிப்போய், நான் உள்ளே இருந்தபோது தாழ்ப்பாளோடு சிக்கிக்கொண்டது. கேங் வெளியே காத்திருக்கிறது, வேலைக்குக் கிளம்ப வேண்டும். மலைச்சாலை முழுக்க மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற மேஸ்திரி, பாத்ரூமில் மாட்டிக்கொண்டேன் என்று எப்படிக் குரல் கொடுப்பது? கத்தியை நிலைக்கும் கதவுக்கும் நடுவில் செருகி, சுவரில் காலை ஊன்றி நெம்பினேன். முறிந்தது. மேலே இருந்த ஜன்னல் வழியாக ஏறிக் குதித்து, பின்பக்கமாகச் சுற்றி வந்து, 'போகலாமா' என்றேன். அன்றைக்குக் கவிழ்ந்திருந்தது தார்ப்பாய் லாரி. அதனால் கயிறு என்று எழுதினேன்.

நுனிப் பாதி அந்தக் கதவு நிலையிலேயே புதைந்து நிற்கிறது. ஒரு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏழு மாதமாக அதில்தான் எல்லோரும் துண்டு மாட்டுகிறோம். நேற்று கேங்கை உட்காரவைத்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. டிரைவர் சொன்னார், "தெரியும்மா. அன்னிக்கு நீங்க ஜன்னல்ல மாட்டிக்கிட்டு காலை ஆட்டிட்டு இருந்தப்ப நாங்க எல்லாரும் கீழதான் நின்னுட்டிருந்தோம். நீங்களா சொல்ற வரைக்கும் நாம சொல்லக்கூடாதுன்னு பேசி வச்சிருந்தோம்."

உங்கள் கத்தி நல்ல கத்தி. உங்கள் வாடிக்கைக்காரர்கள் முன்னால் உங்களைத் தலைகுனிய வைத்துவிட்டேன். நீங்கள் திட்டாமல் எழுதிய இரண்டு கடிதமும் என்னைத் தூங்க விடவில்லை. முறிவைப் பார்த்ததுமே நெம்பியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டுக்கொடுத்தீர்கள். ஸ்டோருக்கு நாளை எழுதுகிறேன், பாத்ரூம் உட்பட.

நாத்தனார்


ஏப்ரல் 13

நாத்தனாருக்கு,

உன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மை இல்லை.

உன் பார்சலைப் பிரித்தபோது, உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கப்போகிறேன் என்று உன் அண்ணனையும் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். புதிதாக முறிந்த எஃகு சாம்பல் நிறத்தில், உப்புத் தூள் மாதிரி மினுங்கும். நீ எண்ணெய் தடவி வைத்திருந்ததால் அது அப்படியே இருந்தது. ஆனால் முதுகுப் பக்கம் நகம் அளவுக்கு ஒரு இடம் கறுப்பு. துரு இல்லை. உலையில் சூடு பட்ட கறுப்பு. அதாவது அந்த விரிசல் உன் பாத்ரூமில் வரவில்லை. என் பட்டறையிலேயே வந்துவிட்டது. பிறகு சூடு காட்டியபோது அதற்குள் கறுப்பேறியிருக்கிறது. உன் கைக்கு வரும் முன்பே அந்தக் கத்தி பாதி முறிந்த கத்தி.

"என்ன தெரியுது?" என்று உன் அண்ணன் கேட்டார். "ஒண்ணும் சரியா தெரியல" என்றேன்.

எப்படி வந்தது என்றும் எனக்குத் தெரியும். நீ மேஸ்திரி வேலை கிடைத்துக் கிளம்பிய வாரம் அது. பழுக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் தோய்த்து எடுக்க வேண்டும். கூரை ஒழுகி எண்ணெய்த் தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்தது. தண்ணீர் கலந்தால் எஃகு விரிசல் விடும், கத்தி அடிக்கிற எவருக்கும் தெரியும். வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற ஒரு நாள் ஆகும். நீயோ மறுநாள் கிளம்புகிறாய். முதல் நாள் வேலைக்கு நீ என் கத்தியோடு போக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒன்றும் ஆகாது என்று தோய்த்துவிட்டேன். உன் கத்தியோடு சேர்த்து அன்று பன்னிரண்டு.

அந்தக் கறுப்பைப் பார்த்த பிறகு ஒரு மாதம் உனக்கு இனிக்க இனிக்க எழுதினேன். எட்டு எம்.எம். என்றால் யாரும் நாலு எம்.எம்.மைப் பற்றிப் பேச மாட்டார்கள், நுனியைத் தேடமாட்டார்கள், ஆர்டரும் கைவிட்டுப் போகாது. கனத்தில் என் தப்பை மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உண்மையில் எட்டு எம்.எம்.மிலும் விரிசல் விட்டிருந்தால் அதுவும் முறியும். இவ்வளவும் தெரிந்துகொண்டே அந்தச் சாமானைச் செய்து அனுப்பினேன். அது ஒரு மனிதரின் கழுத்துவரை போய்விட்டது. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தினமும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

வாடிக்கைக்காரர்கள் என்னிடம் பொய் சொல்கிறார்கள் என்று உனக்கு ஒரு பக்கம் எழுதினேனே, அதைக் கிழித்துப் போட்டுவிடு.

ஸ்டோருக்கு இதை எல்லாம் எழுதி நேற்றே தபாலில் சேர்த்துவிட்டேன். மீதிப் பதினொன்றையும் திரும்ப வாங்கக் கிளம்புகிறேன்.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பதில் எழுதவில்லை. மூன்றாம் நாள் எழுத உட்கார்ந்தேன். 'ஒரு மாதமாகத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே' என்று எழுதியபோதுதான், நான் ஏழு மாதம் திறக்கவில்லை என்பது ஞாபகத்துக்கு வந்தது. தாளை மாற்றினேன்.

ஸ்டோர் அதிகாரிக்கு ஒரே வாரத்தில் இரண்டு கடிதம் போயிருக்கிறது. ஒன்று, கத்தி நல்லது, நான்தான் பொய் சொன்னேன் என்று என்னுடையது. இன்னொன்று, கத்தி கெட்டது, நான்தான் மறைத்தேன் என்று உங்களுடையது. என்னைக் கூப்பிட்டு இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல, எதிராளி மேல பழி போடாம ரெண்டு பேர் எழுதி நான் பார்த்ததில்லை. இதை எந்த ஃபைல்ல போடறதுன்னே தெரியல" என்றார். கடைசியில் என் மேல் ஒரு மெமோ வந்தது. ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. அதை நான் எவ்வளவு சொல்லியும் தடுக்க முடியவில்லை. விரிசல் விட்ட சரக்கு என்று ஒரு தரம் ஃபைலில் ஏறிவிட்டால் அவ்வளவுதானாம். ஆனால் எட்டு எம்.எம். போய்விட்டது. வேலைசெய்கிறவர்களைக் கேட்டுத்தான் கனத்தை முடிவு செய்ய வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள்.

உங்கள் நாற்பது போயிற்று. அதை நினைத்தால் எனக்கு அழுகையாக வருகிறது. வாசல் வரை ஓடினேன் என்று எழுதியிருந்தீர்களே.

என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். எங்கள் கேங்கில் ஏழு பேரும் சொந்தக் காசில் உங்களிடம் ஆளுக்கு ஒரு கத்தி கேட்கிறோம். கனம் எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அதற்காக எல்லோரையும் உட்காரவைத்து, ஸ்டோர் கொடுத்த பழைய கத்தியை வைத்து இதுவரை என்னென்ன செய்தீர்கள், ஒன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். நான் பாத்ரூமைச் சொல்லிவிட்டதால் யாருக்கும் கூச்சம் இல்லை.

டிரைவர் டயரில் சிக்கிய கல்லை நோண்டுகிறார், அதோடு பேட்டரி மூடியைத் திறக்கிறார். ரம்பக்காரர் முதுகில் கட்டையால் அடித்து ஈர விறகைப் பிளக்கிறார், இது வாரத்துக்கு நாலு தரம். சமையல்காரர் எண்ணெய் டின் திறக்கிறார். வயர்லெஸ்காரர் ஸ்க்ரூ திருகுகிறார். கயிறு வேலைக்காரர், பெயரே கயிறு வேலைக்காரர் அண்ணி, அவர் நகம் வெட்டுகிறார். புதிதாகச் சேர்ந்தவர் மட்டும், "நான் உறையிலேருந்து எடுத்ததே இல்லை" என்றார். வாங்கிப் பார்த்தேன், நுனியே இல்லை. நான் முறைத்ததும், பெட்டி உடைத்ததாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் பெல்ட் அறுக்கிறோம், தார்ப்பாய் கிழிக்கிறோம். கயிறும் அறுக்கிறோம், நம்புங்கள்.

நாத்தனார்


மே 19

நாத்தனாருக்கு,

உன் கேங்கின் பட்டியலைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். பதினாறு வருஷத்தில் எனக்கு வந்த முதல் உண்மையான ஆர்டர் அது.

பதினொரு கத்தியும் திரும்பி வந்துவிட்டன. சிலரிடம் நானே போனேன். "நல்லாத்தானே வெட்டுது, எதுக்குங்க?" என்று கேட்டவர்களிடம் எல்லாம், எண்ணெயில் தண்ணீர் இருந்தது, எனக்குத் தெரியும் என்று சொன்னேன். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது வீட்டில் பழகிவிட்டது. படகு ரிப்பேர்க்காரர் மட்டும், "இது என் ராசியான கத்தி" என்று தர மறுத்தார். இரண்டு நாள் அவர் படகுக்கொட்டகை வாசலில் உட்கார்ந்து வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் வைஸ் இடுக்கியில் மாட்டி, இரும்புக் குழாய் செருகி, நானே முறித்துப் பார்த்தேன். எட்டு, சாம்பல் நிறத்தில் சுத்தமாக முறிந்தன. மூன்றில் கறுப்பு. பெரிய கறுப்பு, ராசியான கத்தியில். அதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். ஐந்து எம்.எம். பிடியருகே முதுகு ஐந்து, ரம்பக்காரர் கட்டையால் அடிக்கலாம். அங்கிருந்து மெலிந்து மெலிந்து நுனியில் இரண்டரைக்கு வருகிறது, எவ்வளவு இறுகின பெல்ட்டாக இருந்தாலும் அடியில் நுழையும். கூர்வாய்க்கு மேலே மெல்லிசாக இழைத்திருக்கிறேன், வெங்காயம் நசுங்காது. எண்ணெய் புதிது, கூரையும் புதிது. ஏழையும் வைஸில் வளைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். டின்னுக்கும் பெட்டிக்கும் கேங்குக்கு ஒரு சின்னக் கடப்பாரை தனியாக வைத்திருக்கிறேன். யாரும் அதைத் தொடமாட்டார்கள், கத்தியைத்தான் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஐந்து போட்டேன்.

உன்னுடையதை மட்டும் ஒரு படி அதிகமாகச் சோதித்தேன். எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, நிலையில் செருகி, சுவரில் காலை ஊன்றி நெம்பினேன். "உள்ளே என்னம்மா பண்றே?" என்று உன் அண்ணன் தட்டினார். "உங்க தங்கச்சி வேலையைப் பண்றேன்" என்றேன். கத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவுதான் கழன்று அவர் மேல் விழுந்தது. நெற்றியில் இரண்டு தையல். நலமாக இருக்கிறார், கதவில்லாத பாத்ரூமைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறார்.

அதனால் இந்தக் கத்தியை வைத்து நீ நெம்பலாம். கத்தி அடிக்கிற யாரும் இதை எழுதித் தர மாட்டார்கள், நான் எழுதித் தருகிறேன். ஒருநாள் இதுவும் முறியும். முறிந்தால் அன்றைக்கே எழுது, எப்படி முறிந்ததோ அப்படியே எழுது. நானும் பார்த்துவிட்டு, என்ன பார்த்தேனோ அதை எழுதுகிறேன்.

அண்ணி